அடுப்பூதும் பெண்களும் ஒரு ஹீட்டர் விசிறியும்

ஒவ்வொரு மார்ச் மாதமும் நம் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் ஒரு பட்டியல் முளைக்கிறது. பெண்கள் கண்டுபிடித்தவை என்று தலைப்பு. பாத்திரம் கழுவும் இயந்திரம், மழையில் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், குண்டு துளைக்காத உடைக்கான கெவ்லார் இழை. அவற்றோடு ஒரு வரி: கார் ஹீட்டர், மார்கரெட் ஏ. வில்காக்ஸ், 1893. படித்துவிட்டுப் போகும் மாணவியின் மனத்தில் என்ன படம் எழும்? நாலு சக்கரம், ஸ்டீயரிங், அதன் அடியில் வெதுவெதுப்பான காற்று. சில பட்டியல்கள் இன்னும் ஒரு படி போய், என்ஜின் மீது பட்டுச் சூடான காற்றைக் கால்விரல்களுக்குத் திருப்பிவிட்டவர் அவர் என்றும் எழுதிவிடுகின்றன.

சிகாகோவைச் சேர்ந்த வில்காக்ஸ் உண்மையானவர். 1893 நவம்பர் 28 அன்று அவருக்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையும் உண்மையானது. அதன் எண் 509,415. தலைப்பும் கார் ஹீட்டர்தான். தடுமாற்றம் 'கார்' என்ற சொல்லில் இருக்கிறது. அதே 1893 செப்டம்பரில்தான் டூரியா சகோதரர்களின் பெட்ரோல் வண்டி மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத் தெருவில் முதல் சோதனை ஓட்டம் போனது. மோட்டார் வண்டியே பிறந்துகொண்டிருந்த நேரத்தில் அதற்கு ஹீட்டர் செய்ய யாருக்கும் தேவை இருந்திருக்காது. அன்றைய அமெரிக்கப் பேச்சில் கார் என்றால் ரயில் பெட்டி, டிராம் பெட்டி. நமக்கே கார் என்றால் ஒரு காலத்தில் மேகமும் மழைக்காலமும்தானே. சொல் நின்ற இடத்தில் நிற்க, பொருள் கிளம்பிப் போய்விடும். தமிழ் வகுப்பில் இதை நாள்தோறும் சொல்கிறோம். பட்டியல் ஒட்டும்போது மறந்துவிடுகிறோம்.

வில்காக்ஸின் பெயரை அடித்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரை அவர் நின்ற இடத்திலேயே நிறுத்திப் பார்த்தால் கதை பெரிதாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ரயில் பெட்டியில் குளிரைப் போக்கியது மூலையில் இருந்த நிலக்கரி அடுப்பு. அருகில் இருப்பவர் வேர்க்க, கடைசி இருக்கையில் இருப்பவர் விறைத்துப்போவார். அது சின்னத் தொல்லை. ரயில் கவிழ்ந்தால் அடுப்பும் கவிழும். மரப் பெட்டி பற்றிக்கொள்ளும். 1876 டிசம்பர் 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபியூலாவில் பாலம் இடிந்து ரயில் ஆற்றுப் பள்ளத்தில் விழுந்தது. தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விழுந்த அடியில் சாகாத பலர் அடுப்பும் விளக்குகளும் மூட்டிய தீயில் செத்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பெட்டிக்குள் எரியும் அடுப்பு இல்லாமல் எப்படிச் சூடாக்குவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட பொறியியல் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பலர் வரைபடம் போட்டார்கள், காப்புரிமை கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தார். கால்விரல் கதையைவிட எனக்கு இது மேலாகத் தெரிகிறது.

இந்தக் கட்டுரை பேச வந்தது அதற்கும் அடுத்த கேள்வியை. கண்டுபிடித்தவர் யார் என்று தேடித் தேடி எழுதுகிறோம். கண்டுபிடித்த பொருள் ஒரு நாள் நின்றுபோகிறது. அப்போது அதன் மூடியைத் திறந்து, எங்கே கோளாறு என்று சொல்லும் அறிவு யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவிடப்படவில்லை? காரின் ஹீட்டர் விசிறி என்ற மிகச் சாதாரணமான பொருளை வைத்து இதைப் பார்க்கலாம்.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்குக் கூரை கிடையாது, பக்கக் கண்ணாடி கிடையாது. குளிர்காலத்தில் மடிமேல் கனத்த கம்பளி, கையில் உரோம உறை, காலடியில் கணகணக்கும் கரித்துண்டு வைத்த தகரப்பெட்டி அல்லது அடுப்பில் சுட்டெடுத்த மாக்கல். பெட்டியில் கரி மாற்றுவதும் கல்லைச் சுடவைப்பதும் அநேகமாக வீட்டுப் பெண்கள் கையில்தான் விழுந்திருக்கும். பலர் குளிர்காலத்தில் காரை ஓட்டவே மாட்டார்கள். பனி உருகும்வரை கொட்டகையில் ஏற்றி வைத்துவிடுவார்கள்.

பிறகு சொகுசுகள் ஒவ்வொன்றாக வந்தன. வர்ஜீனியா ஷார்ஃப் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் எழுதிய 'டேக்கிங் த வீல்' என்ற நூல் இந்தக் காலத்தைப் பெண்களின் பக்கமிருந்து பார்க்கிறது. சத்தமில்லாத, புகையில்லாத, கைப்பிடி சுற்றத் தேவையில்லாத மின்சாரக் கார் பெண்களுக்கானது என்று விற்கப்பட்டது. வேகமும் தூரமும் கொண்ட பெட்ரோல் கார் ஆண்களுக்கு. ஹென்றி ஃபோர்டு உலகத்துக்கெல்லாம் பெட்ரோல் கார் செய்து தந்தார். அவர் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கார். 1912 மாடல் கேடிலாக்கில் பொத்தானை அமுக்கி என்ஜினைக் கிளப்பும் வசதி வந்தபோது, பெண்களுக்கு இனிக் கவலையில்லை என்றார்கள். என்ஜின் திருப்பியடித்து மணிக்கட்டு முறிந்த ஆண்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய நிம்மதியும் பெண்கள் கணக்கில் எழுதப்பட்டது.

மூடிய காருக்கும் அதே கதைதான். 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடியும் உள்ளது. 1927இல் பத்தில் எட்டுக்கும் மேல். எட்டே வருடத்தில் இப்படி மாறியதை விளக்கப் பெண்களின் விருப்பம் என்று ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மழையில் நனைய எந்த ஆணுக்கு ஆசை? ஆனால் குளிர்கிறது என்று சொல்வது ஆண்மைக்கு அழகில்லை. அவளுக்குக் குளிர்கிறது என்று சொல்லலாம். நம்மூரில் 'வீட்ல ஆசைப்படறாங்க' என்று சொல்லி மிக்ஸியும் ஏ.சி.யும் வாங்குகிற கணவன்மாரை நாம் பார்க்காததா?

மூடிய பெட்டி வந்ததும்தான் சூடாக்குவதற்கு அர்த்தம் வந்தது. முதலில் புகைக்குழாயின் வெப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். புகைபோக்கியைச் சுற்றி ஒரு தகரக் கூடு, அதிலிருந்து தரையில் ஒரு ஓட்டை. குழாயில் விரிசல் விழுந்தால் வெப்பத்தோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். மணமில்லாத நஞ்சு. 1930களில் வெந்நீர் முறை பரவியது. என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் தண்ணீரில் கொஞ்சத்தை, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடவிடுவது. அதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். தேன்கூடு போன்ற அதன் இடுக்குகளில் காற்றை ஊதித் தள்ள ஒரு சிறு மின்விசிறி. 1938 மாடல் நாஷ் கார்களில் வெளிக்காற்றை உள்ளிழுத்து, வடிகட்டி, சூடாக்கி அனுப்பும் ஏற்பாடு வந்தது. இன்றைய கார்களிலும் அடிப்படை அதுதான். குளிர்காலத்தில் உங்களைச் சூடாக்குவது என்ஜின் வீணாக்கும் வெப்பம். அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது அந்த விசிறி. விசிறி நின்றால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தாலும் கை விறைக்கும்.

வெகுகாலம் இந்த ஹீட்டர் காசு கொடுத்துத் தனியாக மாட்டிக்கொள்ளும் உபரிப் பொருளாகவே இருந்தது. ஆனால் அந்தக் காற்றுக்கு இன்னொரு வேலை உண்டு. மூடிய காருக்குள் நாலு பேர் மூச்சுவிட்டால் கண்ணாடி உள்ளிருந்து வேர்க்கும். வெளியே பனி உறையும். அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற வைப்பர் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. 1905இல் ஒரு கனடா நிறுவனத்திடம் அதை விற்கப் பார்த்தார். வியாபார மதிப்பில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உள்பக்கத்தைத் தெளியவைப்பது ஹீட்டர் விசிறியின் சூடான வறண்ட காற்று. 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் கார்களுக்கு முன்கண்ணாடியின் பனியையும் மூட்டத்தையும் நீக்கும் அமைப்பு சட்டப்படி கட்டாயமானது. பெண்களின் சொகுசு என்று ஒதுக்கப்பட்ட வெதுவெதுப்பு, கண்ணாடியில் பட்டதும் சாலைப் பாதுகாப்பு ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த விசிறிக்கு புளோயர் என்று பெயர். ஊதுவது. தமிழில் ஊதும் கருவிக்கு இரண்டு பழைய பெயர்கள் உண்டு. ஒன்று துருத்தி, கொல்லன் உலையில் அது ஊதுவதைச் சங்கப் பாடல்களிலேயே பார்க்கலாம். மற்றது ஊதாங்குழல். துருத்தி தொழிற்கருவி, பாட்டில் ஏறியது. ஊதாங்குழல் அடுக்களையில் கிடந்தது. ஈர விறகா, காய்ந்ததா, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும், சாம்பல் அடைத்திருக்கிறதா, புகை ஏன் திரும்பி வருகிறது என்று பார்த்துப் பார்த்து ஊதியவள் செய்தது முழுக்க முழுக்கப் பழுது கண்டறிதல். அவளைத்தான் கேட்டார்கள், அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று.

அமெரிக்கப் பெண்களிடம் அந்தக் கேள்வியை யாரும் இத்தனை வெளிப்படையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே அது மெக்கானிக் கடை வாசலில் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரின் லூசில் டிரெகனோவன் 1960 வாக்கில் மூன்று குழந்தைகளோடு தனியாகப் பிழைக்க வேண்டி ஒரு வண்டிப் பட்டறையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். வாடிக்கையாளர்கள் பில்லைக் காட்டி இது எதற்கு என்று கேட்பார்கள். அவருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக வண்டிக்கடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்தவர், பழுது பார்ப்பதிலேயே கடினமானது என்று சொல்லப்படும் கியர்பாக்ஸ் வேலையில் கைதேர்ந்தார். 1973இல் தன் பெயரிலேயே சொந்தப் பட்டறை திறந்தார். பின்னாளில் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். 1996இல் 'லூசில்ஸ் கார் கேர்' என்ற புத்தகமும் வந்தது. ஒரு பில்லில் உள்ள வரிகளைப் புரிந்துகொள்ளும் ஆசையில் தொடங்கிய வாழ்க்கை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித் தொடங்கியவர்கள்தான்.

1976 இந்தக் கதையில் நல்ல ஆண்டு. அயோவா சிட்டியில் பெண்களே அச்சடித்து, பெண்களே நடத்திய விமென்ஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம், பார்ப் வையட் எழுதிய 'த கிரீஸி தம்' என்ற மோட்டார் மெக்கானிக் கையேட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அதே பதிப்பகத்திலிருந்து டேல் மெக்கார்மிக் எழுதிய தச்சு வேலைக் கையேடு. கவிதையும் அறிக்கையும் அடித்த இயந்திரத்தில் கார்ப்புரேட்டரையும் கதவுச் சட்டத்தையும் பற்றி அச்சடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் சிறு பதிப்பகங்களுக்கு இன்னும் தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அதே 1976இல் டியானா ஸ்க்ளார் எழுதிய 'ஆட்டோ ரிப்பேர் ஃபார் டம்மீஸ்' வந்தது. மஞ்சள் அட்டையோடு உலகமெங்கும் விற்கும் டம்மீஸ் வரிசை 1991இல்தான் பிறந்தது. ஸ்க்ளார் அந்தச் சொல்லைப் பதினைந்து வருடம் முன்பே தலைப்பில் வைத்துவிட்டார். முட்டாள் என்று பட்டம் கட்டுமுன் தானே அந்தப் பட்டத்தை எடுத்துச் சூடிக்கொண்டு உள்ளே நுழைவது பெண்களின் பழைய தந்திரம்.

இந்த அறிவுக்குக் காசில் என்ன மதிப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மேகன் புஸ்ஸே, அய்லெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் செட்டல்மயர் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆண்களையும் பெண்களையும் அமெரிக்கா முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குத் தொலைபேசியில் பேசவைத்தார்கள். ஒரே கார், ஒரே கேள்வி: ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு? எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால், ஆண்களுக்குச் சராசரியாக 383 டாலர் சொன்னார்கள், பெண்களுக்கு 406. சுமார் 365 டாலர் ஆகும் என்று கேள்விப்பட்டேன் என்று சந்தை விலையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. இன்னொரு முடிவும் உண்டு. 365க்கே செய்து தர முடியுமா என்று பேரம் பேசியபோது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 25 சதவீதம் பேருக்கும் பட்டறைகள் ஒப்புக்கொண்டன. காரைப் பற்றித் தெரியாது என்பது ஆணின் வாயிலிருந்து வந்தால் ஒரு விலை, பெண்ணின் வாயிலிருந்து வந்தால் இன்னொரு விலை. அந்த விலை வித்தியாசத்தை ஒரே ஒரு எண் கரைத்துவிடுகிறது.

எண் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. எதை மாற்றச் சொல்கிறார்களோ அதை மாற்றத்தான் வேண்டுமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. என்னிடம் முதுகலை படித்த ஒரு பெண் இப்போது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி. கையில் இருப்பது மூன்று பேர் ஓட்டிக் கழித்த பழைய கார். போன குளிர்காலத்தில் அதன் ஹீட்டர் விசிறி மக்கர் செய்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்களில் வைத்தால் அசைவே இல்லை. நாலில் வைத்தால் மட்டும் சூறாவளி. பட்டறைக்காரர் காரைத் திறந்துகூடப் பார்க்காமல், டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் தொகுதியையே மாற்ற வேண்டும் என்று அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கும் தொகையைச் சொல்லியிருக்கிறார். 'விசிறிக்குக் கரன்ட் வருதான்னு பாத்தீங்களா?' என்று இவள் கேட்க, வீட்டில் வேறு யாராவது வந்து பேசட்டும் என்று பதில். 'என் வீட்ல வேற யாரு மேம் இருக்கா? நானும் ரைஸ் குக்கரும்தான்' என்றாள்.

பிறகு அவளே படித்தாள். நாலில் மட்டும் ஓடுகிறது என்பதே பாதிப் பதில். பழைய கார்களில் விசிறியின் வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர் என்ற சின்னத் துண்டு. பாட்டரியின் 12 வோல்ட் அதன் கம்பிச் சுருள்கள் வழியாகப் போகும்போது ஒரு பகுதி அங்கேயே வெப்பமாகக் கழிந்துவிட, மீதிதான் மோட்டாருக்குப் போகும். அதனால் விசிறி மெதுவாகச் சுற்றும். நாலாம் எண்ணில் மட்டும் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. ஆக நாலில் ஓடினால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மோட்டார் உயிரோடு இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறது. போனது ரெசிஸ்டர். பல கார்களில் அது இடப்பக்க ஆள் முன்னால் உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்புறம், விசிறியின் காற்றுப் பாதையிலேயே இருக்கும். சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அது வலப்பக்கம். பெட்டியைக் கழற்றி, இரண்டு திருகைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். புதியது சில பத்து டாலர்.

மாற்றினாள். எல்லா எண்ணிலும் ஓடியது. மூன்று வாரத்தில் மறுபடியும் நாலு மட்டும்.

இங்கேதான் இந்த விஷயம் எனக்குச் சுவாரசியமாகிறது. ரெசிஸ்டர் தானாக எரிவது குறைவு. மோட்டாரின் புஷ் காய்ந்து இறுகினாலோ, விசிறிக்குள் சருகும் இலையும் அடைந்தாலோ, சுற்றுவதற்கே மோட்டார் திணறும். திணறும் மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அத்தனையும் ரெசிஸ்டர் வழியாகப் போயாக வேண்டும். காற்றும் குறைந்துவிட்டதால் அதைக் குளிர்விக்கவும் ஆளில்லை. எரிந்து கிடப்பது அது, எரித்தது வேறொன்று. இரண்டாவது தடவை கழற்றியபோது அவள் ரெசிஸ்டரை விட்டுவிட்டு அதில் சொருகியிருந்த கனெக்டரைப் பார்த்தாள். ஒரு முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அதை எனக்குப் படமெடுத்து அனுப்பினாள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தின் நிறம். அளவுக்கு மேல் மின்சாரம் போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு மல்டிமீட்டரைக் கடன் வாங்கி மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கப் பார்த்தாள். மீட்டரின் எல்லை 10 ஆம்பியர். நாலாம் எண்ணில் பழைய விசிறி அதைத் தாண்டிவிடும், மீட்டரின் ஃபியூஸ்தான் போகும் என்று மீட்டரோடு வந்த காகிதத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். நல்ல விசிறி தள்ளிவிட்டால் நாலைந்து சுற்று தானே சுற்றி நிற்க வேண்டும். இது அரைச் சுற்றில் நின்றது. கொஞ்ச நாளாகவே வண்டி கிளப்பியதும் அணில் கத்துவது போல ஒரு சத்தம் வந்ததும், சூடேறியபின் அது அடங்கியதும் அப்போதுதான் அவளுக்குப் பொருள்பட்டது. மோட்டாரைக் கழற்றினாள், மூன்று திருகு. விசிறியின் கூண்டுக்குள் ஒரு கைப்பிடி மேப்பிள் சருகு.

சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டலாமா, புதிது வாங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். அடியில் தட்டினால் ஓடி, தட்டாவிட்டால் நிற்கிற மோட்டாராக இருந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்தது என்று அர்த்தம், இது அப்படியில்லை. புஷ்ஷில் எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும். சில வாரம் என்பது அவள் ஊரில் பிப்ரவரி. இரவு பதினொரு மணிக்கு, மைனஸ் பதினெட்டில், கண்ணாடி மூடிக்கொண்ட காரோடு நெடுஞ்சாலையில் நிற்க அவள் தயாரில்லை. மோட்டார், ரெசிஸ்டர், புது கனெக்டர் மூன்றையும் சேர்த்து மாற்றினாள். கனெக்டரின் கம்பிகளை இணைக்க மட்டும் தெரிந்தவர் ஒருவரின் உதவி. பட்டறை சொன்ன தொகையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இப்போது அவளோடு இரவுப் பணி செய்யும் ஒரு பிலிப்பினோ அம்மா தன் காரைக் காட்டிக் கேட்டிருக்கிறார். விசிறி நாலு வேகத்திலும் நன்றாக ஊதுகிறது. ஆனால் காற்றில் பாகு காய்ச்சுவது போல ஒரு இனிப்பு வாடை, கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு. விசிறியின் மேல் குற்றமில்லை, அது கூலன்ட்டின் வாடை, ஹீட்டர் கோர் கசிகிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த வேலைக்கு டேஷ்போர்டை உண்மையிலேயே கழற்றத்தான் வேண்டும். எவ்வளவு ஆகும் என்று நாலு பட்டறைகளில் கேட்டு, எண்களை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு இருவரும் சேர்ந்து போவதாகத் திட்டம்.